கதவைப் பார்த்த நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கையில் மணியோடு அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, மறைந்த நம் ஆசிரியரின் தம்பி அவர்களே, அவரிடம் கண்ணாடி வாங்கிய பெரியோர்களே, அவரிடம் சீனம் கற்ற என் வகுப்புத் தோழர்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்பவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். மீறினால் மணியடிப்பார்களாம். தாராளமாக அடியுங்கள். ஆயுள் முழுக்க வெல்டிங் பட்டறையில் நின்ற காது இது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். படத்துக்குக் கீழே 'கண்ணாடிக்கடை உரிமையாளர்' என்று இருக்கிறது. அதற்கடுத்து 'சீன மொழி ஆசிரியர்' என்று நானே சொல்லி எழுத வைத்தேன். அந்த வரி எங்கே? துணி போதவில்லையா? மை தீர்ந்துவிட்டதா? யார் எடுக்கச் சொன்னது? மேடையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டீர்கள். ஆகவே நான் திறக்கிறேன். சீன மொழி ஆசிரியர்! சீன மொழி ஆசிரியர்! போதுமா?

நாங்கள் அந்த அம்மாவை 'லாவ்ஷி' என்று அழைப்போம். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள். அவர் அந்த மொழிக்குள் எப்படிப் போனார் தெரியுமா? கடைக்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். சீனாவிலிருந்து வந்தது. அது அடிக்கடி மக்கர் செய்யும். போன் போட்டால் அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் சீனத்தில் கத்துவார், இந்தப் பக்கம் இவர் தமிழில் கத்துவார். கடைசியில், "இந்தாளு நம்ம பாஷையக் கத்துக்கப் போறதில்ல, நானே கத்துக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். இயந்திரம் பழசாகி மூலைக்குப் போன பிறகும் போன் நிற்கவில்லை. மெக்கானிக்கின் மனைவியும் இவரும் அரண்மனைத் தொடர்களில் எந்த ராணி எவளுக்கு விஷம் வைத்தாள் என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்தச் சீனப் போன் பேச்சுதான் பிறகு விசாரணை வரை போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கண் பரிசோதனைக்குப் போனவன். பின்னறைச் சுவரில், கண்ணைச் சோதிக்கிற அட்டை சீன எழுத்தில் தொங்கியது. லாவ்ஷி கையாலேயே எழுதியது. மேலே பெரிதாக 'மனிதன்'. அடுத்த வரியில் 'வாய்', 'கண்'. கீழே போகப் போக எழுத்து எறும்பு மாதிரி. நான் நின்ற இடத்திலிருந்தே பாதி அட்டையைச் சீனத்திலேயே சத்தமாகப் படித்தேன்.

"அண்ணே, எங்க படிச்சீங்க?"

"டிவி பாத்துத்தாம்மா. சீன ராஜா கதையெல்லாம் விடாம பாப்பேன்."

"அதான் பாத்தேன்! நீங்க டீ கேட்டாக்கூட தலைய வெட்டுன்னு உத்தரவு போடுற மாதிரியே இருக்கு!"

அன்று முதல் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் அந்தப் பின்னறை மாணவன். பேக்கரிக்காரர் வந்தார். நர்ஸம்மா வந்தார், வராத பாட்டையும் சீனத்தில் பாடி எங்களைக் கொன்றார். சண்டைப் படம் போட்டால் பேக்கரிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தானே கால் தூக்குவார். சிரித்துச் சிரித்துத்தான் நாங்கள் படித்தோம். இதில் என்ன குற்றம்? யாருக்கு என்ன நட்டம்?

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலி மரியாதைக்குரிய இடம். சீன விருந்தில் விருந்தாளிக்கு அந்த இடம்தான் என்பார் லாவ்ஷி. புதிதாக யார் வந்தாலும் அங்கேதான் உட்கார வைப்பார். டீயும் அவருக்குத்தான் முதலில். டீ ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்ட வேண்டும். அது வாய் திறக்காமல் நன்றி சொல்கிற முறை.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். சீனம் கற்க ஆசை என்றார். பையில் புத்தகம் இல்லை. பெயர் கேட்டால் பேச்சை மாற்றினார். நாங்கள் என்ன பேசுகிறோம் என்பதைவிட யார் யார் வருகிறோம் என்பதில்தான் அவருக்குக் கவனம். நான் லாவ்ஷியிடம் சொன்னேன், "தங்கச்சி, இந்தாளு படிக்க வந்தவரில்ல."

"தெரியும்ணே. வந்துட்டாரு. வந்தவர நிக்க வைக்க முடியுமா?"

நிக்க வைக்கவில்லை. கதவைப் பார்த்த நாற்காலியில் வாராவாரம் உட்கார வைத்தார். முதல் டீ கொடுத்தார். எங்களை வேவு பார்க்க வந்தவருக்கு வாசல் முழுவதும் தெரிகிற இடத்தை நாங்களே தூக்கிக் கொடுத்தோம்! உலகத்தில் வேறு யாராவது செய்வார்களா? லாவ்ஷி செய்தார். அவருக்கு உச்சரிப்பு திருத்தினார். மனிதர் கெட்டிக்காரர், எங்களைவிட வேகமாகக் கற்றார்.

பிறகு விசாரணை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு முறையல்ல, பல முறை. சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "இதுல என்ன ரகசியம் எழுதியிருக்கு?" என்று கேட்டார்களாம். லாவ்ஷி என்ன சொன்னார் தெரியுமா? "கடைசி வரி தெரியலன்னா உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும் சார். கடைக்கு வாங்க, பாத்துத் தர்றேன்."

அவர் தனியாகத்தான் போனார், தனியாகத்தான் வந்தார். சங்கத்திலிருந்து ஒருவர் துணைக்குப் போகலாமே என்று நான் தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். "எதுக்குண்ணே வம்பு?" என்றார். இன்று நீங்கள் போட்ட மாலை பெரிதாக இருக்கிறது தலைவரே. படத்தையே மறைக்கிறது.

மணி அடிக்கிறது. கேட்கிறது. அடியுங்கள்.

கடைசி வகுப்பில் லாவ்ஷி ஒரு வரலாறு சொன்னார். முன்னொரு காலத்தில் அங்கே ஓர் அமைச்சர் தன் அரசனைக் கொன்றுவிட்டார். அரசவையில் நடந்ததை எழுதி வைப்பவர், 'அமைச்சர் அரசனைக் கொன்றார்' என்று எழுதினார். அவரை வெட்டினார்கள். அவருடைய தம்பி வந்தார். அதே வரியை எழுதினார். அவரையும் வெட்டினார்கள். அந்த இடத்தில் லாவ்ஷி கதையை நிறுத்திவிட்டார். எப்போதும் அப்படித்தான், அடுத்த வாரம் நாங்கள் வர வேண்டுமே! அதுவரை பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வியும் கேட்காத அந்தப் புதியவர், தன்னை மறந்து கேட்டார், "அப்புறம் என்ன ஆச்சு?"

"வர்ற செவ்வாய்க்கிழமை" என்றார் லாவ்ஷி.

அந்தச் செவ்வாய்க்கிழமையை அவர் பார்க்கவில்லை. விசாரணைக்குப் போய்த் திரும்பியவர், வீட்டுக்குப் போகாமல் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் ரொட்டி கொடுக்கப் போன பேக்கரிக்காரர்தான் பார்த்தார். கதவைப் பார்த்த நாற்காலியில், கண் திறந்தபடி. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். நின்றது சரி. நிறுத்தியது எது? அதை யார் எழுதுவார்கள்?

இப்போது நர்ஸம்மாவுக்கும் போன் வருகிறது. எடுத்தால் பேச்சில்லை. பேக்கரி வாசலில் ஒரு வண்டி நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை. கட்டட உரிமையாளர் பின்னறைச் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினார். நான் இந்த ஒலிபெருக்கிக்கு வருமுன் தலைவர் என் காதில் சொன்னார், "வகுப்ப இத்தோட விட்டுடுங்கண்ணே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பலர் இன்று இங்கே வந்ததே, அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு திறக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான். எனக்குத் தெரியாதா?

பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று. சற்று முன்பு இந்த மண்டபத்தில் டீ கொடுத்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் கோப்பையை வாங்கினார். வாங்கும்போது இரண்டு விரலால் நாற்காலிக் கைப்பிடியில் மெல்லத் தட்டினார். யாரும் திரும்ப வேண்டாம். அவர் தட்டியது அவருக்கே தெரிந்திருக்காது. லாவ்ஷி கற்றுக்கொடுத்தது அப்படி ஒட்டும்.

ஐயா, உங்களிடம்தான் பேசுகிறேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் வைத்திருந்த பதிலை அவருக்குப் பதிலாக நான் தருகிறேன். இரண்டாவது தம்பி வந்தார். அதே வரியை எழுதினார். அவரையும் வெட்டினார்கள். மூன்றாவது தம்பி வந்தார். அதே வரியை எழுதினார். அமைச்சர் அந்த வரியைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார், வாளைக் கீழே வைத்துவிட்டார். வெளியூரில் இன்னொரு எழுத்தர், எல்லோரும் செத்தார்கள் என்று கேள்விப்பட்டு, எழுதுகிற மூங்கில் பட்டையை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டாராம்.

அமைச்சருக்குக் கை ஓய்வதற்குள் எத்தனை பேர் போனார்கள் என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் வகுப்பில் லாவ்ஷி முதல் ஆள். நான் அடுத்தவன். என் வயதுக்கு இது பெரிய இழப்பல்ல.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை கதவு திறக்கும். அட்டையைப் புதிதாக நானே எழுதி மாட்டுவேன். என் கையெழுத்து கோணல், படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னோடு யார் வருவார்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன்.

நீங்கள் வருவீர்கள், ஐயா. வராமல் இருக்க உங்கள் அலுவலகத்தில் அனுமதி கிடைக்காது. கதவைப் பார்த்த நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பேன். முதல் டீ உங்களுக்குத்தான்.