அறுபத்து மூணு சிவப்பு அம்பு

...இந்தக் கதவைப் பாரு லுவோ தம்பி! கைப்பிடி எப்படித் தேஞ்சு போயிருக்குன்னு பாரு. நேத்து மட்டும் நாப்பது பேரு தட்டினாங்க. நாப்பது! தெறந்தா, "அம்மா, அம்பு முடியற எடம் இதானா? இங்க என்ன இருக்கு?"ங்கறாங்க. என்ன இருக்கும்? நான் இருக்கேன். அது போதாதா? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாங்க, நான் என்னவோ டிக்கெட்டு போட்டு ஏமாத்தின மாதிரி.

வாளியைக் கீழ வையி. வெள்ளையடிக்கத்தானே வந்தே, செவுரு எங்கயும் ஓடிடாது. பாதி வாளிதான் கொண்டாந்தியா? சரி சரி. உக்காரு மொதல்ல. கட்டடச் சங்கத்துல புதுசா ஒரு பெயிண்டரை எடுத்திருக்காங்க, வாயே தெறக்க மாட்டாருன்னாங்க. நெசந்தான் போலிருக்கு. நல்லதுதான், லிப்ட்டு இல்லாத இந்த இருவத்தி நாலு மாடியிலயும் பேசறதுக்கு ஆள் இருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல. இந்தா, டீ குடி.

இல்ல, நான் கேக்கறேன், நம்ம மலை ஊரு சோங்சிங்கைச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வேற எடமா இல்ல? கட்டடத்துக்குள்ள பூந்து போற ரயில் இருக்கு. அதுக்குக் கீழ நின்னு ஆன்னு வாயைத் தெறந்து, ரயிலைத் திங்கற மாதிரி போட்டோ புடிக்கறாங்க. புடிச்சுக்கட்டும். ஆத்துக்கு மேல கம்பியில தொங்கிப் போற வண்டி இருக்கு. நாலு நிமிசம் போறதுக்கு ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கறாங்க. நான் அதுல முப்பது வருசம் மில்லு வேலைக்குப் போயிட்டு வந்தேன், ஒருத்தன் என்னை ஒரு போட்டோ எடுத்ததில்ல! இப்ப என்னடான்னா, நான் முட்டைக்கோசு நறுக்கறதை எடுக்கறாங்க.

போன வாரம் ஒரு பொண்ணு... கேளேன்... வருசப் பொறப்புக்குன்னு வராந்தாவுல உப்புக்கண்டம் கட்டித் தொங்க விட்டிருக்கேன் பாரு, அதுல ஒரு சரத்தைக் கழட்டி மாலை மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டா! பன்னிக்கறி மாலை! கொழுப்பு சொட்டுதுடீங்கறேன், "பரவால்ல பாட்டி, ஒரு வீடியோ"ங்கறா. பாட்டியாம். அறுவத்தி ரெண்டு எல்லாம் ஒரு வயசா?

எல்லாம் இந்த அம்பால. ஸ்டேசன் வாசல்ல ஒண்ணு, மீன்கடைச் சந்துல ஒண்ணு, படிக்கட்டுக்கு ரெண்டு, திருப்பத்துக்கு ஒண்ணுன்னு சிவப்புப் பெயிண்டுல எந்தப் பாவி வரஞ்சானோ, நேரா என் வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுது. எவளோ ஒருத்தி "சிவப்பு அம்பைப் புடிச்சு ஏறுங்க, முடிவுல என்ன இருக்குன்னு பாருங்க"ன்னு போன்ல போட்டுட்டா. அன்னிக்குப் புடிச்சது சனி. மேல் வீட்டு மோவ் பெரியவரு சதுரங்கக் கட்டையை மிதிச்சுட்டானுங்கன்னு குதிக்கறாரு. சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அழிச்சே தீரணும்னு மனு குடுத்தோம். மொதக் கையெழுத்து யாருதுங்கறே? என்னுது! மூணு தடவை இதே மாடியில இருக்கற ஆபீசுக்குப் போயி மேசையைத் தட்டிட்டு வந்தேன். "இன்னுமா ஆள் வரலை? தூங்கறீங்களா?"ன்னு.

இப்பத்தான் அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு! வருசத்துல முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் இருக்கு, இன்னிக்குப் பாத்தா அனுப்பணும்?

பிரஷ்ஷை எடுக்காதே, நான் இன்னும் முடிக்கலை. ஆரஞ்சு உரிச்சுத் தரேன், தின்னு.

தம்பி... நீ சங்கத்துல போயிச் சொல்ல மாட்டியே? நீதான் பேசவே மாட்டியே. சொல்லிடறேன். அந்த அம்பு... எண்ணிப் பாத்தா மொத்தம் அறுவத்தி மூணு. எனக்கு எப்படித் தெரியுங்கறியா? முழிக்காதே. ஆமா, நாந்தான். ஜன்னல் கம்பிக்கு வாங்கின பெயிண்ட்டு மிச்சம் இருந்துது. விடியக்காலையில ஆள் நடமாட்டம் இல்லாதப்ப ரெண்டு நாளா வரஞ்சேன். வரஞ்சதுல முட்டி வீங்கி, இப்பப் படி எறங்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு.

ஏன்னு கேளு. நீ எங்க கேக்கப் போறே, நானே சொல்றேன். எம் பொண்ணு திங்யுவேயைக் கட்டிக்குடுத்தது சமவெளிக்காரனுக்கு. அந்த ஊர்ல தெருன்னா கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்குமாம். கெழக்கே போங்க, மேக்கே போங்கன்னா போயிடுவாங்க. இங்க ஏது கெழக்கு? மேல, கீழ, அவ்ளோதான். மூணு வருசம் முந்தி, பொண்ணு ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டா. மாப்பிள்ளை அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பின்னால வந்தாரு. நான் கீழ் வாசல்ல நிக்கறேன். போன் மேப்புல பாத்தா ரெண்டு பேரும் ஒரே புள்ளியில இருக்கோம். ஆளைக் காணோம்! ஒண்ணரை மணி நேரம். கடைசியில அவரு பதினஞ்சாவது மாடித் தெருவாசல்ல நிக்கறாரு, என் தலைக்கு நேரா மேல! மலைச்சரிவுல நிக்கற இந்தக் கட்டடத்துக்கு மூணு மாடியில மூணு தெருவாசல்னு வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? நாந்தான் சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்ல. "கண்ணு பொடனியிலயா இருக்கு? இந்த மண்டுக்கா எம் பொண்ணைக் குடுத்தேன்?"ன்னு போன்ல கத்திட்டேன். அந்த அம்மா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. கால் வலியோட, கையில எனக்குன்னு செஞ்ச பலகாரத்தோட.

அவங்க மாடி எறங்கவே இல்ல. ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டு, காலையில பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மூணு வருசப் பொறப்பு நான் தனியாத்தான் சாப்பிட்டேன் தம்பி. உப்புக்கண்டம் கட்டறேன், யாரும் வரலை, மோவ் பெரியவருக்குக் குடுத்துடறேன். அந்தாளு பல்லே இல்லாம அதைச் சப்பறாரு. பாத்தா வயிறு எரியுது.

அதான் அம்பு வரஞ்சேன். என்னிக்காவது வந்தா வழி தப்பக் கூடாதேன்னு. வரஞ்சது மாப்பிள்ளைக்கு, வந்து நின்னது ஊரே! யாரு வரஞ்சதுன்னு சங்கத்துல தேட ஆரம்பிச்சதும் பயந்துபோயி, எம் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு மொதக் கையெழுத்தை நானே போட்டுத் தொலைச்சேன்.

முந்தாநேத்து பொண்ணு போன் பண்றா. மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் இன்னிக்கு மூணு மணி ரயில்ல வராங்களாம், இவ லீவு கெடைச்சு நாளன்னிக்கு வருவாளாம். "அம்மா, நீ எறங்கி வராதே, போன் பண்ணிக் கத்தாதே. அவரே வந்துக்கறேன்ங்கறாரு"ன்னா. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன், சிவப்பு அம்பைப் புடிச்சு வரச் சொல்லுன்னு. இந்தத் தடவையும் தப்பினா, அந்தம்மா இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டாங்க. அதனால தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஆறு மணி வரைக்கும் ஒரு அம்பைக்கூடத் தொடாதே. அவங்க வந்து சேந்ததும் அத்தனையும் அழிச்சுக்கோ, நானே வாளி புடிக்கறேன்...

என்ன தலையை ஆட்டறே? என்ன, கீழ கையைக் காட்டறே? கீழேந்து ஆரம்பிச்சிட்டியா? எத்தனை அழிச்சே? பத்தா? இருவதா? ...எல்லாமா! ஸ்டேசன்லேந்தா? அட நாசமாப் போறவனே, இந்த வாசல்ல இருக்கறது ஒண்ணுதான் பாக்கியா? இவ்ளோ நேரம் டீயைக் குடிச்சே, ஆரஞ்சைத் தின்னே, ஒரு வார்த்தை சொல்லலையே! ...நான் எங்க பேச விட்டேங்கறியா. அதுவும் சரிதான்.

போச்சு. மணி நாலரை. இந்நேரம் எந்த மாடியில நின்னு முழிக்கறாங்களோ. நானே மனு குடுத்து, நானே மேசையைத் தட்டி, எந்தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். போன் பண்ணவும் கூடாது... பண்ணினா என் வாய் சும்மா இருக்குமா...

இரு. சத்தம் போடாதே. யாரோ ஏறி வராங்க. நம்ம ஊர் ஆளு இப்படி மூச்சு வாங்க மாட்டாங்க. இது சமவெளி மூச்சு.

ஐயோ... மாப்பிள்ளை! வாங்க, வாங்க! சம்பந்தியம்மா! எப்படி வழி கண்டுபிடிச்சீங்க? அதென்ன, உள்ளங்கை ரெண்டும் வெள்ளையா... சுண்ணாம்பு! ஈரச் செவுத்தைப் புடிச்சுப் புடிச்சா ஏறி வந்தீங்க? என்னது? சிவப்பு அம்பைக் காணோம், கரி புடிச்ச செவுத்துல புதுசா வெள்ளை அம்புதான் இருந்துதா? லுவோ, அடக் கஞ்சப் பயலே! சுண்ணாம்பை மிச்சம் புடிக்க அம்பு மேல மட்டும், அதே அம்பு வடிவத்துலயே பூசியிருக்கியா? அதான் பாதி வாளி மிச்சமா!

உக்காருங்க சம்பந்தியம்மா. காலை நீட்டுங்க. அன்னிக்கு நான் பேசினது தப்பு. வழி சொல்லாதது என் தப்பு, கத்தினதும் என் தப்பு. மூணு வருசமா இதைச் சொல்லத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க... பலகாரமா? இந்தத் தடவையும் செஞ்சு எடுத்துட்டு வந்தீங்களா?

லுவோ தம்பி, என்ன நிக்கறே? வாசல்ல இருக்கற அந்தக் கடைசி அம்பையும் அழிச்சுடு. சங்கத்துல போயிச் சொல்லு, மொதக் கையெழுத்துப் போட்டவளுக்குப் பரம திருப்தின்னு.