கச்சேரியில் இருமியவர்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், என் எதிரே ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். மூத்தவர் காதில் புதிதாக ஒரு காது மெஷின்.

"காலைல ஒருத்தன் இருமுனாண்டா பாபு. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

"யாருண்ணே, உன் வூட்லயா?"

"அந்த ஜாஸ் கச்சேரிலடா. எழுபது வருஷத்துக்கு முந்தி, ஜனங்க முன்னாடி வாசிக்கும்போதே பதிவு பண்ணது. நம்ம ஜப்பான் இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது குடுத்தாரே, அது. டிரம்பெட் அடங்குற எடத்துல கூட்டத்துல ஒருத்தன் இருமுவான், கேளுன்னாரு. அப்போ எனக்குக் கேக்கவே இல்ல. இன்னிக்குதான் கேட்டுச்சு."

"கேக்கலன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, தகடு இடிக்கிற பிரஸ் ஷாப்லேர்ந்து வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். கம்பெனி காது டெஸ்ட்ல, சத்தம் வுடுற நர்சம்மா கையக் கண்ணாடி வழியா பாத்துக்கினே பட்டன அமுக்குவேன்."

செவிப் பரிசோதனையில் கண்ணால் தேறக் கூடாது என்று, நான் படித்தவரையில், எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

"நான் அத நர்சம்மாகிட்ட போட்டுக் குடுத்ததுக்கு, மூஞ்சியத் திருப்பிக்கினு போனியேண்ணே."

"சத்தமில்லாத ஸ்டோர்ஸுக்குதான மாத்துனாங்க. வேலையும் கீது, மிச்ச காதும் கீது. தேங்க்ஸ்டா."

"இன்னா? கேக்கல."

"தேங்க்ஸ்டா!"

"ஆட்டோ சத்தத்துல ஒண்ணுமே கேக்கலண்ணே."

மூன்றாவது முறை அவர் சொன்னதும் ஓட்டுநர் திரும்பி, "எனக்கே கேட்டுச்சுண்ணே," என்றார்.