புத்தகங்களுக்கு நடுவே நைனா பேரு

விம்கோ நகரில் நான் மெட்ரோ ஏறியதும், எதிர் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண் தன் அப்பாவிடம் சொன்னாள்: "நைனா, உன்னாலதான் எனக்கு பேட்ஜே கெடைச்சுது."

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்து மீனவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. மகளின் சட்டையைப் பார்த்தார். "எங்க கீது?"

"போன்ல கீது. லைப்ரரில தகவல் தேட கத்துக்க அஞ்சு பாடம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேட்ஜ். அஞ்சும் வந்தாத்தான் ப்ராஜெக்ட் பண்ண வுடுவாங்க. எனக்கு அஞ்சாவது மட்டும் மொதல்ல வரல."

"இன்னா தப்பு பண்ண?"

"எண்ணூர் ஆத்துல எறா கொறஞ்சத எழுதிட்டு, 'இது எல்லாருக்கும் தெரியும்'னு போட்டேன். யாரு சொன்னது, எப்ப சொன்னதுன்னு லைப்ரரி மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பால உன் பேரு, ஊரு, நீ சொன்ன தேதி எல்லாம் போட்டேன். இது எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லன்னு மேடமே சொன்னாங்க, நைனா. பாரு, பொஸ்தகங்களுக்கு நடுவுல உன் பேரு."

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எறா எப்ப கொறஞ்சுதுன்னு சொன்னேன்?"

"நான் பொறந்த வருசம்னு சொன்ன."

"அது சும்மா குத்துமதிப்பா சொன்னதும்மா. பேரு போட்டு எழுதுவன்னு எனக்கு இன்னா தெரியும்?"

தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"மாமு, நம்ம ஆத்துல எறா கொறஞ்சது எந்த வருசம்? அவசரப்படாத. நல்லா ரோசன பண்ணி சொல்லு. எம்பேரு லைப்ரரில ஏறிக்கீது."