அஞ்சலிக்கு அரை மணி நேரம்

வியாழக்கிழமை என்றால் நான் முகச் சவரம் செய்துகொள்ளத் தவறியதே இல்லை, ஐயா. வாரத்தில் அன்று ஒருநாள்தான் என்னை எதிர்பார்த்து ஒரு கதவு திறக்கும்.

வானொலி நிலையத்தில் என் வேலை கொஞ்சம் கூச்சமானது. பாடகரோ நடிகரோ காலமானால் அன்று மாலையே அரை மணி நேர அஞ்சலி ஒலிபரப்பாக வேண்டும். ஆள் போன பிறகு ஓடினால் ஆகாது. உயிரோடு இருக்கும்போதே தயார் செய்துவைத்துவிடுவேன்.

அந்தப் பாடகியை எல்லோரும் அக்கா என்றுதான் சொல்வார்கள். எழுபத்தெட்டு வயது, மூன்றாவது மாடியில் தனிக் குடித்தனம், ஆஸ்துமா. எட்டு மாதம் போனேன். அவர் பேசுவார், நான் பதிவு செய்வேன். என் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அது. அவருடைய பழைய பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் என் குரல் மெல்ல ஏறும். தனியாக உட்கார்ந்து கேட்டு நானே அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அக்கா கேட்டார்: “தம்பி, நான் போனப்புறம் ஊரே கேக்கப்போகுது. எனக்கு மட்டும் கொடுத்துவைக்கல. உசுரோட இருக்கறப்பவே ஒரு தடவை போடுங்களேன்.”

“அப்படி வழக்கம் இல்லக்கா.”

“நல்ல வழக்கம், போங்க” என்று சிரித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவரோ எங்கள் இயக்குநரிடம் தானே பேசி, வானொலியில் நேரடியாகப் பாட நாள் குறித்துவிட்டார். அடுத்த வியாழன் நான் உட்காரும் முன்பே, “கேட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க” என்று பாட ஆரம்பித்தார். மேலே குரல் எட்டவில்லை. மூச்சு பாதியில் அறுந்தது. முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம். இந்தக் குரலை ஊர் கேட்டுவிட்டால் நான் பொத்திப்பொத்தி வைத்த குரல் என்ன ஆவது?

இரண்டாவது சரணத்தில் இருமல் வந்தது. இன்ஹேலர் மேசைமேல், என் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா மேசையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் தருவேன் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை விடவில்லை, தனியாகப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது. பதினோரு நிமிடம் ஆனது.

இன்ஹேலரைத் திரும்ப வைக்காதது என் பிசகு. அவருடைய தங்கை மகள் வீடு முழுக்கத் தேடிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அது என் இழுப்பறையில் இருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை.

பகையா, பொறாமையா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. அக்காவை ஊர் மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மறக்கவும் இல்லை. அஞ்சலி ஒலிபரப்பான பிறகு ஒரு வாரம் என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், “உங்க குரல் மனச என்னமோ பண்ணிடுச்சு சார்” என்றார்கள். ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயிற்றா என்றுகூட விசாரித்தேன்.

எட்டாம் நாள் யாரும் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. அன்றுதான் பழைய நகைச்சுவை நடிகர் ஒருவரின் எண்ணைத் தேடியெடுத்து, சனிக்கிழமை வந்தால் வீட்டில் இருப்பாரா என்று கேட்டேன்.