யார் சும்மா நிக்கிறது?

காலை ஷிப்டுக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ். என் முன் சீட்டில் சீருடை போட்ட இரண்டு பையன்கள்.

“என் கம்ப்யூட்டருக்குள்ள எவன் வேலை செய்றான், எவன் ஓ.பி. அடிக்கிறான்னே தெர்ல மச்சான்.”

“இன்னாடா ஆச்சு?”

“கேம் ஹேங் ஆவுது. ஞாயித்துக்கெழம மேட்ச்லயும் ஹேங் ஆனா டீம்லேந்து தூக்கிடுவானுங்களாம். சாயங்காலம் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறேன்.”

“இரு. கேம் ஆட சொல்ல கார்டு எத்தினி பர்சன்ட் ஓடுது?”

“அம்பது. ப்ராசஸர்தான் நூறுலயே நிக்கிது.”

“லூசு! நம்ம அசெம்பிளி லைன்ல முன்னாடி ஸ்டேஷன் லேட்டானா பின்னாடி நிக்கிறவன் இன்னா பண்ணுவான்?”

“சும்மா நிப்பான்.”

“அவனை மாத்தினா லைன் ஓடிருமா? கார்டு அப்டியே கெடக்கட்டும். ப்ராசஸரை மாத்து.”

“என் மதர்போர்டுல மாட்டுறது இப்ப கடையில வர்றதில்லடா. பழசுதான் தேடணும்.”

“எவன் வூட்லயாவது பழைய கம்ப்யூட்டர் சும்மா கெடக்கும். கேட்டுப் பாரு.”

“யாரைப் போய்க் கேக்குறது?”

அண்ணன் செத்து நாலு மாதம் ஆகிறது. அவன் கேம் ஆடிய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் போர்வை மூடிச் சும்மாதான் கிடக்கிறது. என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.