உதயராஜுக்கு அடித்த தாள்கள்

ஒரு பக்கம் பார்வைக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. மேலே நெரிசலும் கீழே வெறுமையுமாக ஒரு பாட்டுத்தாளை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. உன் அண்ணன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்குரிய இசைத்தாள்களை நான்தான் கணினியில் அடித்துக் கொடுக்கிறேன். அது உனக்குத் தெரிந்ததுதான், தினுஷா. தெரியாததைத்தானே கேட்டாய். உட்கார், சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

லண்டன் கதை உனக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு தமிழ்ச் சபை ஆர்கன் வாசிக்க ஆள் தேடியது. வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவில் உதயராஜ் வாசித்ததைக் கேட்ட யாரோ அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். "முதல்ல நான் போறேன் ராணி, ரெண்டு மூணு வருஷத்துல உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்" என்றார். அப்படிக் கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடக்கும் பெண்களை மாத்தளையில் நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வேண்டாம். அழுதால் இளகுகிற ஆளுமில்லை அவர்.

சண்டை போட்டேனா? இல்லை. "போயிட்டு வாங்க" என்றேன். அந்த வாரத் தாளில் சுரங்கள் உட்காரும் ஐந்து கோடுகளையும் ஒரு மயிரிழை நெருக்கினேன்.

மென்பொருளில் அது சுலபம். ஓர் எண்ணை மாற்றினால் கோடுகளும் அவற்றின் மேலிருக்கும் சுரங்களும் அடியிலுள்ள சொற்களும் சேர்ந்தே சிறுக்கும். மூளை தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். வாசிப்பவர்கள் ஒரு தாளை அதன் அமைப்பால் அடையாளம் கண்டு வைத்திருப்பார்கள். எந்த வரி எங்கே முடிகிறது, எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்று கண்ணுக்கு ஒரு பழக்கம் இருக்கும். அதில் நான் கை வைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் முன்பு முடிந்த இடத்திலேயே முடியும்படி பூட்டினேன். மிஞ்சிய இடத்தை வரிகளுக்கு இடையில் சமமாகப் பகிர்ந்துவிட்டேன். பக்கம் அதே பக்கம், அதே நிறைவு. அடுத்த வாரம் இன்னொரு மயிரிழை. பழைய தாள்கள் நைந்துவிட்டன என்று சொல்லி அவற்றையும் புதிதாக அடித்து வைத்தேன். ஒரு சுரத்தைக்கூட நான் மாற்றவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும்.

அவர் முதலில் பல்பைக் குறை சொன்னார். பிறகு தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு ஞாயிறு பூசையில், பாட்டின் நடுவிலேயே கை தடுமாறி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு போல" என்றார். உங்கள் அம்மா கண் போய்க் கிடந்த காலம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. டொக்டரிடமும் போக மாட்டார். டொக்டர் வாயால் கேட்டுவிட்டால் உறுதியாகிவிடும் என்ற பயம். இதெல்லாம் தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்காதே. மனைவிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"போன்ல எழுத்து நல்லாத் தெரியுதே" என்றார் ஒரு நாள்.

"அதுக்குள்ள லைட் இருக்குங்க, அதான்" என்றேன். நம்பினார்.

லண்டனுக்கு வேறொருவர் போய்விட்டார். அத்தோடு கோடுகளைப் பழையபடி விரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் கல்யாணமாகி இத்தனை காலம் தெருவில் என் பக்கத்தில்கூட நடக்காத மனிதர், இப்போது யட்டவத்த சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். பகலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்து பழகுகிறார். முழுதாகப் போவதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டுமாம். போன வாரம் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். படி வரப்போவது தெரிந்தது. சத்தம் போட்டால் கோபப்படுவாரே என்று பேசாமல் இருந்தேன். விழுந்து முழங்கால் கிழிந்தது. நான்தான் கழுவி மருந்து போட்டேன். "நீ இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேன்" என்று என் மடியில் முகம் புதைத்து அழுதார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் ஒளிக்க மாட்டேன்.

நீ கெட்டிக்காரி. பஸ் நிலையத்தில் அவர் தூரத்திலிருந்தே லக்கல போகும் பஸ்ஸின் போர்டை வாசித்ததும் உனக்குப் பொறி தட்டிவிட்டது. "அவ்வளவு தூரத்துல போர்டை வாசிக்கிறவருக்கு, நீங்க அடிக்கிற தாள் மட்டும் ஏன் அண்ணி தெரியல?" என்று நேராகவே கேட்டுவிட்டாய். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

போய்ச் சொல். இப்போதே சொல். உங்கள் அம்மாவுக்கும் கடைசிவரை எல்லோருமாகச் சேர்ந்து, "கண்ணுல ஒன்னும் இல்ல" என்றுதானே சொன்னீர்கள். நீ சொல்வதையும் அந்தக் கணக்கில்தான் அவர் சேர்ப்பார். தங்கச்சி ஆறுதல் சொல்கிறாள் என்று உன் தலையைத் தடவுவார். பிறகு என் பக்கம் திரும்பி, "தினுஷா சொல்றது நெசமா, ராணி?" என்பார்.

நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை. அப்போதும் சொல்ல மாட்டேன். இந்த வாரத் தாளை எடுத்து அவர் கையில் கொடுப்பேன். நேற்றுத்தான் அடித்தேன், கோடுகள் இன்னும் கொஞ்சம் நெருக்கம். அவரே பார்த்துக்கொள்ளட்டும்.