பீரோ மேல் திருடன்

தங்கை: ...இல்ல மாமா, அவகிட்ட போனைக் கொடுக்க வேண்டாம். நீங்களே கேட்டுச் சொல்லுங்க, போதும்.

மாமா: என்னன்னு கேக்கறது? ஒன்றரை வருஷமா இந்தப் பக்கம் ஒரு போன் கிடையாது. இன்னிக்குத் திடீர்னு கூப்பிட்டு படத்தைக் காணோம்ங்கறே. எந்தப் படம், எங்க காணோம்?

தங்கை: ஓடிடியில மாமா. அந்தத் திருடன் படம். பாதி பாத்து விட்ட படமெல்லாம் மேல வரிசையா நிக்குமே, அதுல இருந்தது. காலையில திறந்தா இல்ல.

அக்கா: யாருங்க போன்ல?

மாமா: உன் தங்கச்சி.

அக்கா: எந்தத் தங்கச்சி?

மாமா: உன் கூடப்பொறந்தவ.

அக்கா: எனக்கு அப்படி யாரும் இல்லன்னு சொல்லுங்க.

மாமா: நீயே சொல்லிட்டே. ஸ்பீக்கர்ல இருக்கு. லிஃப்ட் ரிப்பேரைப் பாதியில விட்டுட்டு இப்பதான் சாப்பிட வந்தேன், கையெல்லாம் கிரீஸ். போனைக் காதுல வைக்க முடியல.

தங்கை: நானும் ஒண்ணும் அவகூடப் பேசத் தவம் கிடக்கல. படத்தை எடுத்தது அவளான்னு மட்டும் கேளுங்க.

மாமா: படத்தை எடுத்தது நீயான்னு—

அக்கா: கேட்டுச்சு. எடுத்தது அவதான். எடுத்துட்டு என்னையே கேக்கறா பாருங்க சாமர்த்தியம்.

மாமா: எடுத்தது நீதானாம்—

தங்கை: எனக்கும் கேட்டுச்சு மாமா. அப்ப அவளும் காலையில திறந்து பாத்திருக்கா.

அக்கா: பாக்கலன்னு யார் சொன்னது? என் வீட்டு டிவி. எப்ப வேணா பாப்பேன். என்னங்க, சாயங்காலம் ஒரு குழந்தைக்குப் பொறந்தநாள் கேக் கொடுத்தாகணும். கையில கிரீமைப் பிடிச்சிட்டு நிக்கறேன். இந்த நேரத்துல என்னைப் படபடக்க வைக்காதீங்க.

மாமா: அப்படி யாரும் இல்லன்னியே. இல்லாதவளுக்கு எதுக்குப் படபடப்பு?

அக்கா: உங்களுக்கு இப்ப சிரிப்பு வேறயா? பாருங்க, ரோஜா போட்டா முட்டைக்கோஸ் மாதிரி வருது.

மாமா: வாலு, அங்க என்ன சத்தம், கர்ர்ருன்னு?

தங்கை: லென்ஸ் அறுக்கிற மெஷின் மாமா. முதலாளி சாப்பிடப் போயிருக்கார். உள் ரூம்ல நின்னு பேசறேன்.

அக்கா: இன்னும் அந்தக் கண்ணாடிக் கடையிலதான் இருக்காளாமா?

மாமா: இன்னும் அந்தக் கண்ணாடிக் கடை—

தங்கை: ஆமாம்னு சொல்லுங்க. இப்ப பவர் பாக்கறதும் நான்தான்னு சொல்லுங்க.

அக்கா: அவளுக்கே கண்ணு தெரியாது.

தங்கை: கேட்டுச்சு.

அக்கா: கேக்கட்டும்னுதான் சொன்னேன். அந்த ஓடிடி என் நம்பர்ல இருக்குங்க. நெனச்சிருந்தா பாஸ்வேர்டை மாத்தி அவளை எப்பவோ வெளிய தள்ளியிருக்கலாம். தள்ளினேனான்னு கேளுங்க.

தங்கை: நெனச்சிருந்தா நானும் எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருந்திருக்கலாம். வச்சுக்கிட்டேனான்னு கேளுங்க.

மாமா: ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா? நேரா கேட்டுத் தொலைங்களேன்.

அக்கா: மாட்டேன்.

தங்கை: நானும் மாட்டேன்... மாமா, அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பாத்து முடிச்சா, அது வரிசையிலேர்ந்து போயிடும். அதனாலதான் கேக்கறேன். முடிச்சிட்டாளா?

மாமா: முடிச்சா என்ன?

தங்கை: முடிச்சிட்டான்னா... முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

அக்கா: நான் முடிக்கலடி.

மாமா: அட. நேரா சொல்லிட்டே.

அக்கா: உங்ககிட்டதான் சொன்னேன்.

மாமா: என்னையா "டி" போட்டே?

தங்கை: முடிச்சிருந்தாலும் தேடினா கிடைக்கணும் மாமா. தேடிப் பாத்துட்டேன். படத்தோட பேரே வரமாட்டேங்குது. அதான் பயந்துட்டேன். இவ என்னவோ பண்ணி எனக்கு மட்டும் தெரியாம மறைச்சுட்டாளோன்னு... காலையில கஸ்டமர் எதிர்ல உக்காந்திருக்கார், எழுத்து தெரியுதான்னு அவரைக் கேக்கறேன், எனக்கே ஒண்ணும் தெரியல.

அக்கா: நான்தான் மறைச்சேனாக்கும். நானும்தான் தேடினேன். எனக்கும் வரல. சரி, இவ மொத்தமா எடுத்துட்டா, இனிமே ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டான்னு காலையிலேர்ந்து... அடுப்புல பால் பொங்கி வழியுது, பாத்துட்டே நிக்கறேன்.

மாமா: அதான் காபி வரலியா?

அக்கா: சும்மா இருங்க.

மாமா: கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும். கையைத் துடைச்சிட்டு வரேன்... ம்... இதோ. செய்தியிலயே போட்டிருக்கான்.

அக்கா: என்னன்னு?

மாமா: ஒப்பந்தம் முடிஞ்சுதாம். பழைய படம் எக்கச்சக்கமா தூக்கிட்டாங்களாம். கீழ கமெண்ட்ல ஊரே கூடி திட்டித் தீக்குது. பாதி பாத்து வச்சிருந்தேன், போச்சேன்னு ஒருத்தர் அழறார்.

தங்கை: நம்ம படம்?

மாமா: இரு... இருக்கு. திருடன் படமும் போச்சு. கம்பெனிக்காரனே எடுத்துட்டான்.

தங்கை: எல்லாருக்குமா?

மாமா: எல்லாருக்கும்தான். உனக்கு மட்டும் எடுக்க அவன் என்ன உன் மாமியாரா?

தங்கை: அப்ப அவ எடுக்கல.

அக்கா: அவளும் எடுக்கல.

தங்கை: ...அப்பாடா.

அக்கா: அப்பாடா. ஏங்க, அந்த நாற்காலியை இப்படி இழுங்க. உக்காரணும்.

மாமா: ஊரே படம் போச்சேன்னு புலம்புது. நீங்க ரெண்டு பேரும் அப்பாடாங்கறீங்க.

அக்கா: ஏய்... அழறியா?

தங்கை: இல்ல. லென்ஸ் தூசி.

அக்கா: பொய் சொல்லாதே. மூக்கை உறிஞ்சற சத்தம் எனக்குத் தெரியாதா? உன் மூணு வயசுலேர்ந்து அந்த மூக்கைத் துடைச்சது நான்.

தங்கை: தெரியும்.

அக்கா: தெரிஞ்சா சரி.

தங்கை: அக்கா... அன்னிக்கு நான் சொன்னது...

அக்கா: எது?

தங்கை: தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே.

அக்கா: வேலைக்குப் போறேன், தனியா ரூம் எடுக்கப் போறேன்னே. நான் வேண்டாம்னேன். நீ என்ன என்னைப் பெத்தவளான்னு கேட்டே. அதுவா?

தங்கை: ...அதான்.

அக்கா: பெத்தவ இல்லதான்.

தங்கை: அக்கா—

அக்கா: இரு, முடிச்சுக்கறேன். பெத்தவ இல்ல. அதைக் கேட்டப்ப வயிறு எரிஞ்சுது. ரொம்ப நாள் எரிஞ்சுது. ஆனா நான் மட்டும் என்ன ஒழுங்கா பேசினேன்? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதேன்னேன். அம்மா இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா. அதை நெனச்சா இன்னும் எரியுது.

தங்கை: படம் ஓடிட்டிருந்ததுல்ல அப்ப?

அக்கா: நிறுத்தி வச்சிருந்தோம். அவன் வீட்டுக்காரங்க கண்ணுல படாம பீரோ மேல படுத்திருக்கான், தும்மல் வந்துடுச்சு. மூக்கைச் சுருக்கிட்டு அப்படியே உறைஞ்சு கிடக்கான். இந்தப் பக்கம் நாம கத்தறோம்.

தங்கை: ரொம்ப கேவலமா இருந்தது. அவன் நம்மளையே பாக்கற மாதிரி.

மாமா: நான் சமையக்கட்டுல இருந்து பாத்தேன். மூணு பேர்ல அவன் ஒருத்தன்தான் வாயை மூடிட்டிருந்தான்.

அக்கா: நீங்க வேற... ஏண்டி, நீ அதை தினமும் பாப்பியா?

தங்கை: தினமும் இல்ல. கடையிலேர்ந்து வந்து கொஞ்ச நேரம். நீ பாத்த இடத்துலேர்ந்து அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்திடுவேன். எவ்வளவு பாத்தாச்சுன்னு காட்டற அந்த சிவப்புக் கோடு கொஞ்சம் தள்ளி நிக்கும்ல, அதை நீ பாப்பேன்னுதான்.

அக்கா: பாத்தேன். கோடு நகந்திருந்தா, சரி, நல்லா இருக்கா, வேலை முடிஞ்சு வீடு சேந்துட்டான்னு நெனச்சுப்பேன். அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வரும். நானும் கொஞ்சம் ஓட்டி வச்சிடுவேன்.

தங்கை: தெரியும்.

அக்கா: ஆனா கடைசி வர்ற மாதிரி இருந்தா உடனே பின்னாடி இழுத்து விட்டுடுவேன்.

தங்கை: நீயா? நான்ல இழுத்து விட்டுட்டிருந்தேன்.

அக்கா: நானும்தான். அதனாலதான் சில நாள் அது தலைப்புலயே போய் நின்னுது. டிவிதான் பழுதுன்னு நெனச்சேன்.

தங்கை: பாவம் அந்தத் திருடன். எல்லாம் முடிஞ்சு இறங்கப் போறப்ப, திரும்ப பீரோ மேல ஏத்தி விட்டுடறோம்.

மாமா: அப்ப ரெண்டு பேருக்குமே படம் எப்படி முடியுதுன்னு தெரியாதா?

தங்கை: தெரியாது மாமா. முடிச்சா வரிசையிலேர்ந்து போயிடுமே.

அக்கா: முடிவு யாருக்கு வேணும்?

தங்கை: அக்கா, ஒரு தடவை ரொம்ப நாள் கோடு அசையவே இல்ல. மழை பெஞ்சிட்டிருந்தப்ப. நான் அஞ்சு நிமிஷம் தள்ளறேன், அப்படியே கிடக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் தள்ளறேன், அப்படியே கிடக்கு. என்ன ஆச்சு அப்ப?

அக்கா: ஒண்ணும் இல்ல.

மாமா: பித்தப்பையில கல்லு. ஆபரேஷன்.

அக்கா: ஏங்க.

மாமா: என்ன ஏங்க? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினே. அன்னிக்கு சொல்லல. இன்னிக்கு நான் எதுக்கு மறைக்கணும்?

தங்கை: ஆபரேஷனா? எனக்கு ஒரு வார்த்தை...

அக்கா: நாலு ஓட்டை போட்டு எடுத்தாங்க, அவ்வளவுதான். நீ பயந்துப்பேன்னுதான் சொல்லல.

தங்கை: சொல்லாததுனாலதான் பயந்தேன். பஸ் பிடிச்சு வந்தேன் தெரியுமா?

அக்கா: எங்க?

தங்கை: நம்ம தெருவுக்கு. எதிர்ல அந்த மருந்துக் கடை வாசல்ல நின்னேன். மழை விட்டிருந்தது, மாடியில உன் பச்சை நைட்டி காஞ்சிட்டிருந்தது. அதுல தண்ணி சொட்டிட்டிருந்தது. சரி, இன்னிக்குத் துவைச்சதுதான், ஆள் இருக்கான்னு திரும்பிப் போயிட்டேன்.

மாமா: அடிப்பாவி. துவைச்சது நான்.

அக்கா: வாசல் வரைக்கும் வந்தவ மேல ஏறி வந்திருக்கலாமில்ல?

தங்கை: வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னியே.

அக்கா: சொன்னா? பொறந்ததுலேர்ந்து நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கியா? அதை மட்டும் கேக்கணுமா உனக்கு?

தங்கை: போக்கா...

அக்கா: அழாதே. ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே?

தங்கை: லீவுதான்.

அக்கா: கிளம்பி வா. சனிக்கிழமை ராத்திரியே வந்துடு. உன் கட்டில் மேல கேக் டப்பாவா அடுக்கி வச்சிருக்கேன், இவரை விட்டு எடுக்கச் சொல்றேன்.

மாமா: அதுக்கும் நான்தானா?

தங்கை: வரேன். வந்து என்ன பண்றது, படம்தான் போச்சே.

அக்கா: சனியன், போனா போகட்டும். உண்மையைச் சொல்லட்டுமா? அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு வெறுத்துப் போச்சு.

தங்கை: உனக்குமா? எனக்கு அந்த மியூசிக் கேட்டாலே குமட்டும். அதைப் பாக்கவே வேண்டாம்னு ஆனதும் எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?

அக்கா: நல்லவேளை. நான் உனக்குத்தான் ரொம்பப் பிடிச்ச படம்னு நெனச்சேன்... இருந்தாலும் ஒண்ணு சொல்லணும்டி. எனக்கு இருந்த கோவத்துக்கு நான் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன். நீ முதல்ல இறங்கி வந்தே பாரு, அதுலதான் மனசு இளகுச்சு.

தங்கை: நான் எங்க இறங்கி வந்தேன்?

அக்கா: அதான், அந்தத் தும்மற இடத்துலயே ரொம்ப நாள் நின்னுட்டிருந்துதே. நீதானே முதல்ல நகத்தினே?

தங்கை: நானா? நீதானே நகத்தினே?

அக்கா: விளையாடாதே.

தங்கை: சத்தியமா இல்லக்கா. நானா அதைத் தொடறதில்லன்னு வைராக்கியமா இருந்தேன். ஒரு நாள் திறந்தா கோடு தள்ளி நிக்குது. அக்கா மனசு மாறிட்டா, அவளே இறங்கி வந்துட்டா, இனிமே நாம வீம்பு பண்ணக் கூடாதுன்னுதான் நான் அடுத்து ஓட்டினேன்.

அக்கா: நான் ரிமோட்டையே தொடலடி அப்பல்லாம். கோடு தள்ளி இருக்கறதைப் பாத்துட்டுதான் நானும்...

மாமா: பழசை எதுக்குக் கிளறணும்? ஆறிடுச்சில்ல, விடுங்க. அந்தக் கேக்கைப் பாரு, கிரீம் உருகுது.

அக்கா: உருகட்டும்.

தங்கை: அப்ப முதல்ல நகத்தினது யாரு?

அக்கா: நானும் இல்ல, நீயும் இல்லன்னா...

தங்கை: மாமா.

மாமா: எனக்கு வேலைக்கு நேரமாச்சு. அங்க லிஃப்ட் பாதி மாடியில நிக்குது.

அக்கா: நிக்கட்டும். இங்க பாருங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

மாமா: ...ஒரு நாள் ராத்திரி நீ தூங்கினதும் போட்டேன். பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்திட்டேன். இவ பாத்தா நீன்னு நெனைப்பா, நீ பாத்தா இவன்னு நெனைப்பேன்னு ஒரு நப்பாசை, வேற என்ன. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா கோடு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுது. அதுக்கப்புறம் நான் அதைத் தொட வேண்டிய அவசியமே வரல.